வெப்சைட் அண்ணை

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே, கேரம் டவுன்ஸ் பவுண்டரி வீதியில், சிவனும் விஷ்ணுவும் 1994 முதல் ஒரே வளவுக்குள் சச்சரவின்றிக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தது அந்த வட்டாரத்து இசைக்குழுக்களுக்கு முடியவில்லை. ஒரு தமிழ் மெல்லிசைக் குழு உடையாமல் நாலு தைப்பொங்கலைக் கண்டுவிட்டால் அதற்குப் பாராட்டு விழாவே வைக்கலாம். அந்த விழாவில் யார் முதலில் பாடுவது என்பதில் அது உடைந்துவிடும்.

உடையும்போது பாடகி தன் மைக்கை எடுத்துக்கொண்டு போவார். கீபோர்ட்காரர் தன் மச்சானுடன் சேர்ந்து புதுக்குழு தொடங்குவார். ஒக்டபாட் வாசிக்கும் பொடியன் பல்கலைக்கழகப் பரீட்சை என்று சொல்லி விலகி, அடுத்த மாதம் ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் எதிர்க்குழுவோடு வாசித்துக்கொண்டிருப்பான். கடைசியில் மிஞ்சுபவை இரண்டு: கராஜுக்குள் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள், இணையத்தில் ஏற்றிய வெப்சைட். இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. அவர்தான் வெப்சைட் அண்ணை.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது என்ற செய்தி வரிசையின் தலையிலிருந்து வால்வரை போய்ச் சேருவதற்குள் ஒரு விசிட்டிங் கார்ட் உங்கள் கைக்கு வந்துவிடும். தடித்த, மினுங்குகிற கார்ட். ஒரு பக்கம் வயலினும் ரோசாப்பூவும். மறுபக்கம் இணைய முகவரி. தொலைபேசி இலக்கம் மட்டும் இராது.

"நம்பர் போடேல்லையே அண்ணை?"

"நம்பர் என்னத்துக்குத் தம்பி? எல்லாம் சைட்டில கிடக்கு. ஆறுதலாப் போய்ப் பாருங்கோ."

குழுவில் யார் யார் என்று கேட்டாலும், பழைய பாட்டு வாசிப்பீர்களா என்று கேட்டாலும், எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டாலும் இதுதான் பதில். கார்த் திறப்பை எங்கே வைத்தீர்கள் என்று மனைவி கேட்ட ஒரு காலையிலும் இதே வசனம் பாதிவரை வந்து நின்றதாகக் கேள்வி.

பகலில் அண்ணை கேரம் டவுன்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே அவருடைய பெயரை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் பொறுமையில்லை. ஆறு எழுத்தை இரண்டாக நறுக்கி, அந்த இரண்டையும் பிழையாக உச்சரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனின் பெயர் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் முழு நீளத்தில் அச்சேறும் சந்தர்ப்பம் வாழ்க்கையில் இரண்டே இரண்டு: ஒன்று கல்யாணக் கார்ட், மற்றது செத்து முப்பத்தோராம் நாளில் வெளிவரும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். முதலாவது முடிந்துவிட்டது. இரண்டாவதைத் தானே வாசிக்க முடியாது. இடையில் ஒரு வழி உண்டா என்று தேடியவர் வெப்சைட்டைக் கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை மாலையானால் கராஜ் கதவு உயரும். அடுத்த வீட்டு அறைக்குள் கேட்கிற மாதிரி வாத்தியம் வாசிக்க சனிக்கிழமை இரவு 11 மணியோடு சரி, ஞாயிறென்றால் 10 மணியோடு சரி, வார இறுதிக் காலைகளில் 9 மணிக்கு முன் மூச்சுக் காட்டக்கூடாது என்ற விக்டோரியா மாநில விதிகளை அண்ணை மனப்பாடமாகச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிடச் சரளமாகச் சொல்வார். ஆனால் அயலவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஒத்திகைக்கு என்று கூடினாலும் முக்கால்வாசி நேரம் நடப்பது சைட்டைப் பற்றிய ஆலோசனைக் கூட்டம்தான். பாட்டின் சுருதி எதுவென்று தீர்மானிக்க ஒரு நிமிஷம்; முகப்புப் பக்கத்தின் நிறம் ஊதாவா பொன்மஞ்சளா என்று தீர்மானிக்க ஒரு மாலை.

யாராவது கொட்டாவி விட்டால் அண்ணை சரித்திரத்துக்குப் போய்விடுவார்.

"இன்ரநெற்றில முதல் ஏறின படங்களில ஒண்டு ஆற்றை படம் எண்டு தெரியுமோ? ஒரு பாட்டுக் குறூப்பின்ர படம்!"

இது பொய்யில்லை. ஜெனீவாவுக்கு அருகே, வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ வேலை செய்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில், 'லெ ஒரிப்ள் செர்னெட்' என்று நாலு பெண்கள் பௌதிகத்தையும் காதலையும் கலந்து பகிடிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1992இல் எடுத்த அவர்களுடைய படம் வலையில் ஏறியது. அந்த ஆய்வுக்கூடத்தில் எத்தனை நோபல் பரிசுக்காரர்கள் இருந்தும், முகம் காட்டும் பாக்கியம் மேடைப் பாடகிகளுக்கே கிடைத்தது. அண்ணை இதிலிருந்து எடுக்கும் முடிவு: வலை இசைக்குழுக்களுக்காகவே உண்டாக்கப்பட்டது; அணுவாராய்ச்சி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அன்று ஏறியது ஒரே ஒரு படம்தான் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

அண்ணை ஒரு படத்தோடு நிறுத்துகிற ஆளில்லை.

அவருடைய சைட்டுக்குள் நேரே போக முடியாது. முதலில் ஒரு வாசல் பக்கம்: இருபுறமும் குத்துவிளக்கு, நடுவில் 'உள்ளே வருக' என்ற பொத்தான். முன்பெல்லாம் அந்தப் பக்கம் திறந்ததுமே அண்ணையின் குரலில் ஒரு விநாயகர் பாட்டு உச்ச சத்தத்தில் கிளம்பும். கிடங்கில், வைத்தியசாலையில், நள்ளிரவில் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் என்று எங்கே திறந்தாலும் கிளம்பும். 2018இல் குரோம் உலாவி, கேட்பவர் அனுமதியின்றித் தானாகச் சத்தம் போடும் பக்கங்களின் வாயைக் கட்டியது. உலகமெங்கும் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அண்ணை அதைத் தமிழ்ப் பாட்டுக்கு எதிரான நடவடிக்கையாகவே இன்றுவரை கருதுகிறார்.

வாசலைத் தாண்டினால் ஒரு வீணை இருந்தது. பிளாஷ் மென்பொருளில் செய்த வீணை. தானே நரம்பதிர்ந்து, தானே சுழன்று, சுழலும்போது பொற்காசுகளைச் சிந்தும். 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அடோபி நிறுவனம் பிளாஷைக் கைகழுவியது. அடுத்த மாதமே அது உலாவிகளில் ஓடாமல் போனது. இப்போது அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் இருக்கிறது. "உதை எடுத்துவிடலாமே அண்ணை" என்று ஒக்டபாட் பொடியன் ஒருமுறை கேட்டான். "அது வீணையடா" என்றார் அண்ணை. அவன் அதற்குப் பிறகுதான் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினான்.

அடுத்தது எழுத்து. சைட்டின் தமிழ் முழுவதும் பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி நம் ஆட்களின் செல்லப்பிள்ளை. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் எத்தனையோ கல்யாணக் கார்ட்டுகளையும் மரண அறிவித்தல்களையும் சுமந்த எழுத்துரு. ஆனால் அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்து. பார்ப்பவரின் கருவியில் பாமினி இல்லையென்றால் முகமூடி கழன்று உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அதில் 'இ' என்ற எழுத்துக்கு உரிய விசை காற்புள்ளி. ஆகவே 'இசை' என்று தொடங்கும் குழுவின் பெயர், கைத்தொலைபேசியில் ஒரு காற்புள்ளியோடும் அர்த்தமில்லாத இரண்டு ஆங்கில எழுத்தோடும் தொடங்கும். யூனிகோடுக்கு மாற்றச் சொன்னால், "எனக்கு வடிவாத்தானே தெரியுது" என்பார். அவருடைய கணினியில் வடிவாகத்தான் தெரிகிறது.

குழுவின் ஆங்கிலப் பெயராவது ஒழுங்காக இருக்குமா என்று பார்த்தால், அது எழுத்தாக இல்லை, தங்கநிறப் படமாக இருக்கிறது. தேடுபொறி முக்கியமாகப் படிப்பது எழுத்தைத்தான். படத்துக்குக் கீழே இன்னது என்று ஒரு வரியேனும் எழுதிவைத்தால் அதற்கு நன்றாகப் பிடிபடும். கூகிளுக்கு எட்டியவரையில் அண்ணையின் குழு எந்த மொழியிலும் இல்லை. பெயரைத் தட்டினால் வேறெங்கோ ஒரு சிகையலங்கார நிலையம் வந்து நிற்கிறது.

சைட்டின் இதயம் 'எம்மைப் பற்றி' என்ற பக்கம். பன்மையில் தலைப்பு, உள்ளே ஒருமை. இளமையில் யாழ்ப்பாணத்து மேடையொன்றில் தாம்பூரின் தட்டிய ஒரு மாலை அங்கே 'ஈழத்தின் முன்னணி இசைக்கலைஞர்களோடு பணியாற்றிய காலகட்டம்' ஆகியிருக்கிறது. முழுப் பெயர், பட்டங்கள், பட்டங்களை வழங்கியவர்களின் பட்டங்கள். பாடகியின் பெயர் ஒரு வரி. கீபோர்ட்காரர் 'ஏனையோர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார். குழு ஏன் உடைந்தது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை; எல்லாம் சைட்டில்தான் கிடக்கிறது.

படத்தொகுப்பில் சுருக்காமல் ஏற்றிய நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்று திறப்பதற்குள் தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிடலாம். 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' பகுதியில் 2014ஆம் ஆண்டின் சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டம் இன்னும் வரவிருக்கிறது.

இனி, இந்தச் சைட் யாருக்காக இருக்க வேண்டுமோ அவர் வருகிறார். பெரிக்கிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு தாய். மகளின் கல்யாண வரவேற்பு ஒக்டோபரில். கோயில் கார் தரிப்பிடத்தில், மகன் காரை எடுப்பதற்குள், கார்ட்டைப் பார்த்து முகவரியைக் கைத்தொலைபேசியில் தட்டுகிறார். அவருக்குத் தெரியவேண்டியவை அதிகமில்லை. பாடினால் எப்படி இருக்கும், அரை நிமிஷம் கேட்கவேண்டும். குழுவில் எத்தனை பேர், என்ன மாதிரிப் பாட்டு, ஸ்பீக்கரைத் தாங்களே கொண்டுவருவார்களா? அந்தத் திகதி ஒழிவாக இருக்கிறதா? ஏறக்குறைய எவ்வளவு? யாரோடு கதைப்பது? உலகத்தில் எந்தப் பாண்டின் வெப்சைட்டும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் பிறந்தது. சிட்னி ஒபரா ஹவுஸில் பாடுபவருக்கும் இதுதான், கீஸ்பறோ மண்டபத்தில் பாடுபவருக்கும் இதுதான்.

அந்த அம்மா குத்துவிளக்கைக் கண்டார். சாம்பல் சதுரத்தைக் கண்டார். காற்புள்ளியைக் கண்டு, போனில் ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று பயந்தார். துணிந்து 'தொடர்புகளுக்கு' என்பதை அழுத்தினால் ஒரு படிவம்: பெயர், முகவரி, நிகழ்ச்சியின் தன்மை, எம்மை எவ்வாறு அறிந்தீர்கள், எமது இணையத்தளம் பற்றிய உங்கள் மேலான கருத்து. கடைசிக் கேள்வியை நிரப்பாவிட்டால் படிவம் போகாது. கார் ஈஸ்ற்லிங்க் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் அவர் தமக்கைக்கு அழைப்பெடுத்து, "அண்டைக்கு உங்கட மேளின்ர கலியாணத்துக்கு வாசிச்ச பொடியள் ஆர் அக்கா?" என்று கேட்டுவிட்டார்.

படிவம் நிரப்பியவர்களும் இல்லாமலில்லை. அவை போய்ச் சேரும் மின்னஞ்சல் பெட்டியில், 'உங்கள் தளத்தைக் கூகிளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்று ஊர்பேர் தெரியாத கம்பனிகள் அனுப்பும் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. அண்ணை மரியாதை தெரிந்தவர். அவை ஒவ்வொன்றுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதுகிறார். அந்தக் களைப்பில் கல்யாண வீட்டுக் கடிதங்கள் கீழே போய்விடுகின்றன.

ஆனாலும் அண்ணையை வெறும் பகிடிக்கு உரியவர் என்று தள்ளிவிட முடியாது. ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

"மற்றவன்ர வளவுக்குள்ள வீடு கட்டாதேங்கோடா" என்று அவர் ஆரம்பத்திலேயே சொன்னார். மற்றக் குழுக்கள் மைஸ்பேஸில் பாட்டை ஏற்றிவிட்டு இலவசம் என்று மகிழ்ந்திருந்த காலம் அது. 2019இல் மைஸ்பேஸ் ஒரு அறிவித்தல் விட்டது: சேர்வர் மாற்றும்போது, 2015 வரை ஏற்றிய பாட்டுகளும் படங்களும் அழிந்துவிட்டன. போன பாட்டுகள் ஐந்து கோடி இருக்கும் என்று கணக்கிட்டார்கள். வாடகை இல்லாத வீட்டுக்கு உறுதியும் இல்லை. பேஸ்புக், யூடியூப் எல்லாவற்றுக்கும் இந்த நீதி பொருந்தும். அங்கே பாடலாம், கூட்டம் சேர்க்கலாம், ஆனால் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வேண்டும். அண்ணையின் கொள்கையில் குறையில்லை.

குறை உறுதியில்தான் இருந்தது. அவுஸ்திரேலியாவில் 'கொம் டொட் ஏயூ' என்று முடியும் முகவரி வாங்க ஏ.பி.என். போன்ற வணிக இலக்கம் வேண்டும். அண்ணை ஒரு மேடை ஏறுவதற்கு முன்பே அதை எடுத்தார். ஆனால் முகவரியைப் பதியும் வேலையை மருமகனிடம் விட்டார். அவன் தன் கம்பனியின் இலக்கத்தைப் போட்டுத் தன் பெயரில் பதிந்தான். பிறகு ஒரு சாமத்தியச் சடங்கில் யாரை முன்வரிசையில் இருத்துவது என்பதில் இரண்டு குடும்பமும் ஒன்றோடொன்று கதைப்பதை விட்டன. அன்றிலிருந்து குழுவின் பெயர் மருமகனிடம் இருக்கிறது, குழு மாமனிடம் இருக்கிறது. 2022 மார்ச் 24ஆம் திகதி வெறும் 'டொட் ஏயூ' என்று முடியும் முகவரிகளைத் திறந்துவிட்டபோது அண்ணை விடியமுன் எழும்பிக் காத்திருந்தார். அதே பெயரை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத முன்னுரிமை என்று விதி. மருமகனுக்குத்தான் முன்னுரிமை கிடைத்தது. இப்போதுள்ள சைட், பழைய பெயரின் நடுவில் ஒரு கோடு போட்டு வாங்கியது. அந்தக் கோட்டை யாரும் தட்டுவதில்லை.

பாட்டு உரிமை பற்றிக் கேட்டால் அண்ணை நிமிர்ந்து உட்காருவார். பிறர் பாட்டை மேடையில் பாடுவதற்கு ஒரு அனுமதி, அதையே பதிவுசெய்து சைட்டில் போடுவதற்கு இன்னொரு அனுமதி, இந்த நாட்டில் அப்ரா அம்கொஸ் என்று அதற்கு அமைப்பு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2017இல் எஸ். பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாட்டுகளை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு நோட்டீஸ் போனது. குழுவில் எல்லோரும் நடுங்கினார்கள். அண்ணை மாத்திரம் சில வாரங்கள் தபால்பெட்டியை ஆவலோடு திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்த பாடகிதான் உண்மையைச் சொன்னார்: "நோட்டீஸ் அனுப்ப அவையளுக்கும் எங்கட நம்பர் கிடைச்சிருக்காது அண்ணை."

சைட் இல்லாமலும் பாட்டுப் பரவும். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் பின்னாளில் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர்தான். அவருடைய பாட்டு, இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பள்ளிக்கூட பஸ்களிலும் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறங்களிலும் வாய்வழியே ஓடியது. இதை எடுத்துச் சொன்னால் அண்ணை கொஞ்சம் யோசிப்பார். "அந்த நேரம் அவருக்கு ஒரு சைட் இருந்திருக்க வேணும்" என்பார் இரக்கத்தோடு.

போன வருஷம் மகள் பொறுமையிழந்தாள். கேரம் டவுன்ஸில் வளர்ந்த பிள்ளை. அண்ணையின் குத்துவிளக்குப் பக்கத்தைத் தோழிகள் கண்டுவிடக்கூடாது என்பது அவளுடைய பள்ளிக்காலப் பிரார்த்தனை.

"அப்பா, இதை ஆர் பார்க்கினம் எண்டு யோசிச்சனீங்களோ?"

"எல்லாரும்தான்."

"ஒராளைச் சொல்லுங்கோ."

அண்ணையால் சொல்ல முடியவில்லை. அவள் ஒரு பின்னேரத்தில் ஒற்றைப் பக்கம் ஒன்று செய்தாள். குழு மேடையில் நிற்கும் ஒரு படம். அரை அரை நிமிஷமாக மூன்று காணொளி: ஒரு பழைய பாட்டு, ஒரு குத்துப்பாட்டு, ஒரு பைலா. கல்யாணம், பிறந்தநாள், கோயில் விழா, ஸ்பீக்கரோடு வருவோம் என்று இரண்டு வரி, தமிழிலும் ஆங்கிலத்திலும், யூனிகோடில். கடைசியாக நடந்த நிகழ்ச்சியின் திகதி. இன்ன தொகையிலிருந்து என்று ஒரு வரி. பெருவிரலால் தொட்டால் அழைப்பு போகிற அளவு பெரிய எழுத்தில் தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

கிடங்கில் அண்ணையின் போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு பிறந்தநாள். பிறகு ஒரு வரவேற்பு. பிறகு ஜீலோங்கிலிருந்து ஒரு கோயில் விழா. பாடகி திரும்பி வந்தார். கீபோர்ட்காரர், மச்சான் சரிவராது என்று சொல்லி வந்துவிட்டார். அண்ணையின் முகத்தில் மட்டும் திருப்தியில்லை.

"எவ்வளவு எண்டு கேக்கினம், எத்தினை மணிக்கு வருவியள் எண்டு கேக்கினம். என்ர கலைப்பயணத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கினமில்லை."

ஆகவே பழைய சைட்டை அவர் மூடவில்லை. மகளின் பக்கத்துக்குக் கீழே, நுணுக்கமான எழுத்தில், 'எமது அதிகாரபூர்வ இணையத்தளம்' என்று அதற்கு ஒரு இணைப்புக் கொடுத்திருக்கிறார். அங்கே வருகையாளர் எண்ணிக்கை நாளுக்குப் பத்தாகக் கூடுகிறது. அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்ப்பதாக மனைவி சொல்கிறார்.

இதற்கிடையில் ஒக்டபாட் பொடியன் சொந்தமாகக் குழு தொடங்கி, அண்ணையின் மகளிடமே காசு கொடுத்து ஒரு பக்கம் செய்வித்தான். செய்தி கேட்டுக் கொதித்துப்போன அண்ணை, குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கோடு அதைத் திறந்தார். பொடியனிடம் நல்ல மேடைப்படம் வேறு இல்லையாம். பழைய குழுவோடு எடுத்ததைப் போட்டிருக்கிறான். படத்தின் நடுவில், மைக்கைப் பிடித்தபடி, முழு உருவமாக அண்ணை.

அவர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாட்ஸப்பில் தனக்குத் தெரிந்த அத்தனை குடும்பத்துக்கும் எதிர்க்குழுவின் முகவரியை அனுப்பிவைத்தார். கீழே ஒரு குறிப்பு: "நல்ல சைட். கட்டாயம் போய்ப் பாருங்கோ."

பொடியனுக்கு ஒக்டோபர் வரை ஒரு சனிக்கிழமையும் ஒழிவில்லை.